போர் தண்ணீரில் பெட்ரோல் வாடையா? அறிகுறியை வைத்துக் கசிவைத் தேடும் வழி

தண்ணீரில் பெட்ரோல் வாடை என்றதும் எல்லாரும் முதலில் செய்வது, தெருமுனை பங்க்கைப் பார்த்துக் கையை நீட்டுவதுதான். பல நேரம் அந்தச் சந்தேகம் சரியாகவே இருக்கும். ஆனாலும் நிரூபிக்க முடியாமல் போய்விடும். கையை நீட்டும் அவசரத்தில் கவனிக்க வேண்டியதை யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். வாடை எந்தத் தண்ணீரில் வருகிறது, நாளில் எந்த நேரம் வருகிறது, வருடத்தில் எந்த மாதம் வருகிறது? இந்த மூன்றையும் எழுதி வைத்திருந்தால் பாதித் தேடல் முடிந்த மாதிரி. என்னைக் கூப்பிடும் பத்து வீட்டில் ஒன்பதில் இந்தக் குறிப்பு இருக்காது. அதனால் இதைப் படிப்பதற்கு முன் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி, இன்றைய தேதியைப் போட்டு, மூக்குக்குத் தெரிந்ததை ஒரு வரி எழுதிவிடுங்கள்.

முதலில் நெருப்பு, அப்புறம் தண்ணீர்

சம்ப், கிணறு, லிஃப்ட் குழி, தரைக்குக் கீழே இருக்கும் பார்க்கிங், இவற்றில் எங்காவது வாடை மூக்கைத் துளைக்கிறது என்றால் ஆராய்ச்சி எல்லாம் பிறகு. ஆட்களை வெளியே அனுப்பிவிட்டு 101 அல்லது 112-ஐ அழையுங்கள். பெட்ரோல் ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனம். பள்ளம் எங்கே இருக்கிறதோ அங்கே போய்ப் படுத்துக்கொள்ளும். காற்றில் நூற்றுக்கு ஒன்றரைப் பங்கு சேர்ந்தாலே பற்றிக்கொள்ளும். அந்த இடத்தில் மோட்டார் சுவிட்சைப் போடக் கூடாது. ஓடிக்கொண்டிருந்தால் அணைக்கவும் கூடாது, பொறி இரண்டிலும் பறக்கும். கரண்டை நிறுத்த வேண்டுமானால் வாடை இல்லாத தூரத்தில் இருக்கும் மெயினில் நிறுத்துங்கள். சம்ப்புக்குள் ஆளை இறக்கிப் பார்க்கும் வேலை மட்டும் வேண்டவே வேண்டாம்.

வாடை லேசாக இருந்தாலும் அந்தத் தண்ணீரைக் குடிக்கவும் சமைக்கவும் நிறுத்திவிடுங்கள். கொதிக்க வைத்தால் போய்விடுமே என்பார்கள். போகும்தான், ஆனால் சமையலறைக் காற்றுக்குத்தான் போகும். வெந்நீர்க் குளியலிலும் அதே கதை. வீட்டு ஆர்.ஓ. மெஷினையும் இதற்கு நம்ப முடியாது. அதிலுள்ள கரி வடிகட்டி கொஞ்ச நாள் பிடித்து வைக்கும், நிறைந்த பிறகு சும்மா விட்டுவிடும். அது எந்த நாளில் நிறைந்தது என்று உங்களுக்குத் தெரியாது.

பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை, ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்கள். இப்போது இந்தியாவில் விற்கும் பி.எஸ்.-6 தரப் பெட்ரோலில் பென்சீன் அதிகபட்சம் 1 சதவீதம் இருக்கலாம். ஒரு லிட்டரில் 10 மில்லி, எடையில் சுமார் 8.8 கிராம். புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்பதால் குடிநீரில் லிட்டருக்கு 0.01 மில்லிகிராம்தான் இருக்கலாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். வகுத்தால் 8,80,000 லிட்டர் வருகிறது. அதாவது ஒரே ஒரு லிட்டர் பெட்ரோலில் உள்ள பென்சீன், 12,000 லிட்டர் தண்ணீர் லாரியில் 73 லோடு தண்ணீரை வரம்புக்குக் கொண்டுபோய் நிறுத்தப் போதும்.

அறிகுறி: தண்ணீரின் மேல் வானவில் நிறப் படலம்

ஒரு குச்சியால் படலத்தைக் கீறிப் பாருங்கள். அப்பளம் மாதிரி உடைந்து, துண்டுகள் தனித்தனியாக மிதந்தால் அது இரும்புப் பாக்டீரியா விட்ட ஏடு. பங்க்குக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. கீறிய இடம் உடனே ஒன்றுகூடி மூடிக்கொண்டால் எண்ணெய்.

எண்ணெய்தான் என்றாலும் அடுத்து சந்தேகப்பட வேண்டியது உங்கள் சொந்த மோட்டாரை. சப்மெர்சிபிளில் தண்ணீர் நிரப்பிய மோட்டாரும் உண்டு, எண்ணெய் நிரப்பிய மோட்டாரும் உண்டு. எண்ணெய் மோட்டாரில் சீல் போனால் எண்ணெய் நேராகப் போருக்குள் இறங்கும். அப்போது படலம் வழவழவென்று இருக்கும், மூக்கில் ஏறும் பெட்ரோல் வாடை இருக்காது. மோட்டாருக்குள் இருப்பது கொஞ்ச எண்ணெய்தான் என்பதால் சில நாளில் குறைந்துகொண்டே வரும். அண்மையில் காயில் கட்டி இறக்கிய மோட்டார் என்றால் முதலில் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். ஒருமுறை ஒரு குடியிருப்பில் பங்க் முன்னால் மறியலே நடத்திவிட்டார்கள். மோட்டாரை மேலே தூக்கியதும் சீல் கிழிந்திருந்தது. அதற்குப் பிறகு அந்த பங்க்காரர் முகத்தில் விழிக்க அவர்களுக்குக் கூச்சம்.

புதிதாகப் போட்ட போராக இருந்தால், துளையிட்ட வண்டியின் கம்ப்ரசர் எண்ணெய் கொஞ்ச நாள் வரலாம். புதிய பி.வி.சி. குழாய் ஒட்டிய பசையின் வாடையைப் பெட்ரோல் என்று நினைப்பதும் சகஜம்.

இவை எதுவும் இல்லை, படலம் நாளுக்கு நாள் தடிக்கிறது, பெட்ரோல் வாடையும் சேர்ந்தே வருகிறது என்றால் அளக்க ஆரம்பிக்க வேண்டியதுதான். இதற்கென்று மின் கருவி உண்டு, வாடகைக்குக் கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டால் பங்க்கிலேயே இருக்கும் சாமானை வைத்து அளக்கலாம். டேங்க்கின் அடியில் தண்ணீர் நிற்கிறதா என்று பார்க்க டிப் ராடில் (ஆழம் அளக்கும் கம்பியில்) ஒரு பேஸ்ட் தடவுவார்களே, தண்ணீர் பட்ட இடத்தில் அதன் நிறம் மாறும். எஃகு டேப்பில் அந்தப் பேஸ்டைத் தடவிக் கிணற்றில் இறக்குங்கள். நனைந்த கோடு எண்ணெயின் மேல்மட்டம், நிறம் மாறிய கோடு தண்ணீரின் மேல்மட்டம். இரண்டுக்கும் நடுவில் இருப்பதுதான் எண்ணெயின் தடிமன்.

கிணற்றில் 40 செ.மீ. எண்ணெய் நிற்கிறது என்றால் மண்ணிலும் 40 செ.மீ. இருக்கிறது என்று அர்த்தமில்லை. சுற்றியுள்ள மண்ணிலிருந்து ஊறி வந்து கிணற்றில் கூடுவதால் உள்ளே அதிகமாகத்தான் காட்டும். இந்த ஒரு எண்ணை வைத்து இத்தனை ஆயிரம் லிட்டர் கசிந்திருக்கிறது என்று மனு எழுதினால், எதிர்த்தரப்பு நிபுணர் முதல் கேள்வியிலேயே மனுவைக் கிழித்துவிடுவார்.

அறிகுறி: வாடை உண்டு, படலம் இல்லை

பெரும்பாலான வீடுகளில் இப்படித்தான். கரைந்த பெட்ரோல் கண்ணுக்குத் தெரியாது. இங்கே கேட்க வேண்டிய கேள்வி, எந்தத் தண்ணீர் என்பது. நம் வீடுகளில் போர், மெட்ரோ வாட்டர், சம்ப், மொட்டைமாடி டேங்க் என்று நாலும் கலந்து கிடக்கும். மூடியுள்ள நாலு கண்ணாடி ஜாடியில் நாலையும் பாதி பாதி பிடித்து, மூடிக் குலுக்கி, பத்து நிமிடம் வையுங்கள். பிறகு மூடியைத் திறந்து கையால் காற்றை மூக்குப் பக்கம் விசிறிப் பாருங்கள். ஜாடிக்குள் மூக்கை விட வேண்டாம்.

போர் வாயில் பிடித்ததில் மட்டும் வாடை என்றால் நிலத்தடி நீரில்தான் கோளாறு. சம்ப்பில் மட்டும் என்றால் சுவரில் விரிசல் இருந்து வெளியிலிருந்து ஊறுகிறது, அல்லது ஆவி உள்ளே வருகிறது. வாடை பலமாக இல்லை என்று உறுதியான பிறகு சம்ப்பைக் காலி செய்து, காயவிட்டு, எந்தச் சுவர் முதலில் ஈரமாகிறது என்று மேலிருந்தே பாருங்கள். கசிவு எந்தப் பக்கம் என்பதற்கு அது ஒரு தடயம். மாடி டேங்க்கில் மட்டும் என்றால் அண்மையில் அடித்த பெயின்ட், அல்லது டேங்க் உள்பூச்சு.

விசித்திரமானது நாலாவது. மெட்ரோ குழாயில், காலையில் பிடிக்கும் முதல் வாளியில் மட்டும் வாடை, அப்புறம் இல்லை. குடிநீர் வாரியத்தைத் திட்டிப் பிரயோசனமில்லை. பெட்ரோலின் சில பகுதிகள் பிளாஸ்டிக் குழாயின் சுவரையும் ரப்பர் வாஷரையும் ஊடுருவும். கறுப்புப் பாலிதீன் குழாய் இதற்கு ரொம்பவே இடம் கொடுக்கும். இரவு முழுக்க அசையாமல் நின்ற தண்ணீரில் ஊறி ஏறும், காலையில் திறந்துவிட்டதும் கழுவிக்கொண்டு போய்விடும். அதாவது தெருவிலிருந்து உங்கள் வீட்டுக்கு வரும் குழாய் பெட்ரோல் ஊறிய மண்ணைத் தாண்டி வருகிறது. போர் இல்லாத வீட்டில்கூட இந்த அறிகுறி கசிவைக் காட்டிக் கொடுக்கும். எந்தெந்த வீட்டில் முதல் வாளி நாறுகிறது என்று தெருவில் கேட்டு ஒரு வரைபடத்தில் குறித்தாலே மண் எங்கே கெட்டிருக்கிறது என்று ஓரளவு தெரிந்துவிடும்.

அறிகுறி: லேபில் எல்லாம் சரி என்கிறார்கள், வாடை மட்டும் போகவில்லை

நான் அதிகம் பார்க்கும் கோளாறு இதுதான். பெரும்பாலும் தவறு லேபில் இல்லை, கேட்டதிலும் எடுத்ததிலும் இருக்கிறது.

"குடிநீர் டெஸ்ட்" என்று கொடுத்தால் உப்பு, கடினத்தன்மை, இரும்பு, நைட்ரேட், கோலிஃபார்ம் கிருமி பார்த்துத் தருவார்கள். அந்தப் பட்டியலில் பென்சீன் இருக்காது. இன்னும் கொஞ்சம் விவரமானவர்கள் "எண்ணெயும் கிரீஸும்" என்ற சோதனையைக் கேட்பார்கள். அது சமையல் எண்ணெய், என்ஜின் ஆயில் போன்ற கனமான சரக்குக்கானது. அந்தச் சோதனையில் கரைப்பானை ஆவியாக்கிவிட்டு மிச்சத்தைத்தான் எடை போடுவார்கள். பெட்ரோலும் கரைப்பானோடு சேர்ந்து பறந்துவிடும். "கண்டறியப்படவில்லை" என்று அறிக்கை வரும், பங்க்காரர் அதை ஃப்ரேம் போட்டு மாட்டிக்கொள்வார். நீங்கள் கேட்க வேண்டியது பென்சீன், டொலுயீன், எத்தில்பென்சீன், சைலீன் நான்கும், கூடவே மொத்தப் பெட்ரோலிய ஹைட்ரோகார்பனும். அதைப் பெட்ரோல் பகுதி, டீசல் பகுதி என்று தனித்தனியாகப் பிரித்துக் கேளுங்கள். டீசல் பகுதி மட்டும் அதிகமாக வந்து இந்த நான்கும் அநேகமாக இல்லை என்றால், பங்க்கை விட்டுவிட்டு உங்கள் குடியிருப்பின் ஜெனரேட்டர் டீசல் டேங்க்கையும் பக்கத்து லாரி ஷெட்டையும் பாருங்கள். என்.ஏ.பி.எல். (ஆய்வகங்களுக்கான தேசிய அங்கீகார வாரியம்) அங்கீகாரம் உள்ள லேபா என்றும், அந்த அங்கீகாரம் குறிப்பாக இந்தச் சோதனைக்கு உண்டா என்றும் விசாரித்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் மாதிரி எடுப்பது. சமையலறைக் குழாயில் பிடித்த தண்ணீர் மாடி டேங்க்கில் கொட்டி, வெயிலில் காய்ந்து, பாதி வாடையை இழந்துதான் வந்திருக்கும். போரிலிருந்து வரும் குழாயில், டேங்க்குக்கு முன்னாலேயே பிடிக்க வேண்டும். போரில் நின்று ஊறிய பழைய தண்ணீர் வெளியேறும் வரை மோட்டாரை ஓடவிட்டு, பிறகு வேகத்தைக் குறைத்து, நுரையோ குமிழியோ எழாமல் மெதுவாக நிரப்புங்கள். மினரல் வாட்டர் பாட்டில் ஆகாது. லேபில் 40 மில்லி கண்ணாடிக் குப்பி தருவார்கள், கெடாமல் இருக்க அதில் அமிலம் சில துளி முன்கூட்டியே இருக்கும், கொட்டிவிடாதீர்கள். விளிம்பு வரை நிரப்பி மூடிக் கவிழ்த்தால் ஒரு குமிழிகூட ஓடக் கூடாது. ஐஸ் பெட்டியில் வைத்து 14 நாளுக்குள் சோதித்தாக வேண்டும், அன்றைக்கே கொண்டுபோய்க் கொடுப்பது நல்லது.

மாதிரி எடுக்கப் போகும் வழியில் வண்டிக்குப் பெட்ரோல் போடாதீர்கள். அந்தக் கையோடு குப்பியைத் தொட்டால் இல்லாத பெட்ரோலும் அறிக்கையில் வரும். லேபிளை மார்க்கர் பேனாவில் எழுதாதீர்கள், அந்த மையிலும் சைலீன் இருக்கலாம். பால்பாயின்ட் போதும். லேபிலிருந்து சுத்தத் தண்ணீர் நிரப்பிய ஒரு குப்பியையும் கூடவே வாங்கிப் போய்த் திறக்காமலே திருப்பிக் கொண்டுவந்து கொடுங்கள். அதில் பென்சீன் வந்தால் வழியில் ஏறியது என்று தெரிந்துவிடும். நீதிமன்றத்தில் நிற்கும் அறிக்கைக்கும் நிற்காத அறிக்கைக்கும் இந்த ஒரு குப்பிதான் பல நேரம் வித்தியாசம்.

அறிகுறி: கோடையில் வருகிறது, மழையில் மறைகிறது

சென்னைப் பக்கம் ஐப்பசி, கார்த்திகையில் நீர்மட்டம் ஏறும், சித்திரை, வைகாசியில் இறங்கும். பெட்ரோல் நீரைவிட லேசு என்பதால் நீர்மட்டத்தின் முதுகில் ஏறி உட்கார்ந்துகொண்டு கூடவே ஏறி இறங்கும். இப்படி ஏறி இறங்கும் போதெல்லாம் நடுவிலுள்ள மண் முழுக்க அப்பிவிடும். மழையில் தண்ணீர் ஏறும்போது மண்ணில் ஒட்டிய எண்ணெய் நீருக்கடியில் சிக்கிக்கொள்ளும். கிணற்றில் பார்த்தால் ஒன்றும் மிதக்காது. கோடையில் தண்ணீர் இறங்கியதும் சிக்கியது வழிந்து மறுபடி கிணற்றில் சேரும்.

மார்கழியில் பார்த்துவிட்டு "சுத்தமாகிவிட்டது" என்று கோப்பை மூடுவது அதனால்தான் ஏமாற்று வேலை. குறைந்தது ஒரு முழு ஆண்டாவது, மழைக்காலத்திலும் கடுங்கோடையிலும் அளந்திருக்க வேண்டும்.

தலைகீழாகவும் நடக்கும். மழை பெய்த இரண்டொரு நாள் மட்டும் வாடை வந்து போனால், தரையில் சிந்தியது அடித்துக்கொண்டு வருகிறது: லாரியிலிருந்து இறக்கும்போது வழிந்தது, மெக்கானிக் கடை வாசல், அப்படி. பல வருட வறட்சிக்குப் பிறகு நீர்மட்டம் மளமளவென்று ஏறி, அப்போது முதல்முறையாக வாடை வந்தால் அது இன்றைய கசிவாக இருக்க வேண்டிய அவசியமே இல்லை. மேல் மண்ணில் என்றோ ஊறிக் கிடந்ததைத் தண்ணீர் போய்த் தொட்டிருக்கிறது. பங்க் கைமாறியிருந்தால் இங்கே சண்டை பெரிதாகும்.

அறிகுறி: பெட்ரோல் வாடையே இல்லை, ஆனால் தண்ணீர் சிவக்கிறது, அழுகிய முட்டை வாடை

பெட்ரோலைத் தின்னும் கிருமிகள் மண்ணிலேயே இருக்கின்றன. முதலில் தண்ணீரிலுள்ள ஆக்சிஜனைச் செலவழிக்கும், பிறகு நைட்ரேட், பிறகு மண்ணிலுள்ள இரும்பைக் கரைக்கும், பிறகு சல்பேட்டைக் குறைத்து முட்டை வாடையைக் கிளப்பும், கடைசியில் மீத்தேன். இதுவரை தெளிவாக இருந்த போர் திடீரென்று இப்படி மாறினால் கசிவின் ஓரம் உங்களைத் தொட்டிருக்கலாம். சாக்கடைக் கசிவிலும் இதே இரும்பு, இதே முட்டை வாடை வரும். ஆனால் சாக்கடை என்றால் குளோரைடும் அமோனியாவும் கோலிஃபார்மும் கூடவே ஏறியிருக்கும். அவை ஏறாமல் ஆக்சிஜனும் நைட்ரேட்டும் மட்டும் வற்றியிருந்தால் பென்சீன் சோதனைக்குக் காசு செலவழிக்கலாம்.

நூற்றுக்கு இருபது பங்கு எத்தனால் கலந்த இ-20 பெட்ரோல் வந்த பிறகு இதில் ஒரு சிக்கல் சேர்ந்திருக்கிறது. கிருமிகளுக்கு எத்தனால் என்றால் அல்வா மாதிரி. அதை முதலில் தின்று ஆக்சிஜனை முடித்துவிடும், பென்சீன் தின்னப்படாமல் இன்னும் கொஞ்ச தூரம் போகும்.

அறிகுறி: பங்க் ஒரு பக்கம், வாடை வேறு பக்கம்

நிலத்தடி நீருக்கு ரோடும் தெரியாது, தரையின் சரிவும் முக்கியமில்லை. அதன் திசையைக் கண்டுபிடிக்கக் குறைந்தது மூன்று கிணறு வேண்டும். தண்ணீர் எத்தனை மீட்டர் ஆழத்தில் இருக்கிறது என்பதை மட்டும் ஒப்பிட்டால் ஏமாந்துவிடுவீர்கள், ஏனென்றால் மூன்று கிணற்றின் வாயும் ஒரே உயரத்தில் இருக்காது. வாய் உயரத்தை எடுக்க சர்வேயர் வேண்டும் என்றுகூட இல்லை. கொத்தனார் வைத்திருக்கும் தண்ணீர் டியூப் லெவலைக் கவனமாகப் பிடித்தால் முதல் சுற்றுக்குப் போதும்.

ஒரு கணக்கு. முதல் கிணற்றின் வாயை 10.00 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். டியூப் லெவலில் இரண்டாவது 10.12, மூன்றாவது 9.85. தண்ணீரின் ஆழம் முறையே 6.40, 6.67, 6.55. ஆழத்தை மட்டும் பார்த்தால் இரண்டாவதுதான் பள்ளம், தண்ணீர் அங்கேதான் போகிறது என்பீர்கள். கழித்துப் பாருங்கள்: 3.60, 3.45, 3.30. மூன்றாவதுதான் தாழ்வு. 3.60-க்கும் 3.30-க்கும் சரிபாதி 3.45. ஆகவே முதல் கிணற்றையும் மூன்றாவதையும் இணைக்கும் கோட்டின் நடுப்புள்ளியை இரண்டாவது கிணற்றோடு ஒரு கோட்டால் சேருங்கள். அந்தக் கோட்டுக்குச் செங்குத்தாக, உயரத்திலிருந்து தாழ்வை நோக்கி ஓர் அம்பு போட்டால் அதுதான் தண்ணீர் போகும் திசை. எண்ணெய் மிதக்கும் கிணறாக இருந்தால் அதன் பாரம் தண்ணீரை அழுத்தியிருக்கும். எண்ணெய்த் தடிமனை 0.74 போல அதன் அடர்த்தியால் பெருக்கித் தண்ணீர் மட்டத்தோடு கூட்டிக்கொள்ளுங்கள்.

அளப்பதை விடியற்காலை 4 மணிக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஐந்தரைக்கெல்லாம் தெருவே மோட்டார் போட்டுவிடும், அதற்குப் பிறகு நீங்கள் அளப்பது நிலத்தடி நீரை இல்லை, மோட்டார் இழுப்பை. இழுப்பையும் அலட்சியம் செய்யக் கூடாது. லாரிக்குத் தண்ணீர் விற்கும் போரோ இருநூறு வீட்டுக் குடியிருப்போ பக்கத்தில் இருந்தால், இயற்கையான திசையை மடக்கித் தன் பக்கம் இழுத்துவிடும்.

வேகமும் ஆளை ஏமாற்றும். திருவான்மியூர் மாதிரி கடற்கரை மணலில், நீர் கடத்தும் திறன் நாளுக்கு 10 மீட்டர், சரிவு ஆயிரத்துக்கு 2, துளைவெளி (மணல் துகள்களுக்கு நடுவே உள்ள காலியிடம்) கால் பங்கு என்று எடுத்துக்கொண்டால் தண்ணீர் நாளுக்கு 8 செ.மீ. நகரும், வருடத்துக்கு 29 மீட்டர். அப்படியானால் 60 மீட்டர் தள்ளியுள்ள வீட்டுக்கு வர இரண்டு வருடம் ஆகும். போன மாதம் பங்க்கில் நடந்த விபத்தையும் இந்த மாதம் அங்கே வந்த வாடையையும் முடிச்சுப் போட முடியாது.

இதெல்லாம் மணலுக்கு. தமிழ்நாட்டின் பெரும்பகுதி கடினப் பாறை. அங்கே தண்ணீர் வெடிப்பின் வழியேதான் போகும். பக்கத்து வீட்டை விட்டுவிட்டு நாலாவது வீட்டில் கிளம்பும், மூன்று கிணற்றுக் கணக்கு பொய்த்துப் போகும். சுண்ணாம்புக்கல் இன்னும் மோசம். யாழ்ப்பாணத்துச் சுன்னாகத்தில் மின் நிலையத்தின் எண்ணெய்க் கழிவு சுற்றுவட்டாரக் கிணறுகளில் கலந்த வழக்கு இலங்கை உச்ச நீதிமன்றம் வரை போய், 2019 ஏப்ரலில் 2 கோடி இலங்கை ரூபாய் கட்டச் சொல்லித் தீர்ப்பானது. அது நிலத்தடி டேங்க் இல்லைதான், ஆனால் கரைந்து பொந்து விழுந்த பாறையில் எண்ணெய் எப்படிப் பரவும் என்பதற்கு நம் மொழி பேசும் ஊரிலேயே இருக்கும் உதாரணம்.

அம்பு பங்க்கைக் காட்டவே இல்லை என்றால், அம்பின் வால் பக்கம் நடந்து போய்ப் பாருங்கள். பழைய பணிமனை, மூடிய பங்க், எரிபொருள் குழாய். 2013-இல் சென்னை தண்டையார்பேட்டையில் வீட்டு போர்களில் எண்ணெய் வந்தபோது காரணம் பங்க் டேங்க் இல்லை. துறைமுகத்திலிருந்து வரும் எரிபொருள் குழாய். அந்த வழக்கு தேசிய பசுமைத் தீர்ப்பாயத்துக்குப் போனது.

வாடையைக் கண்டு பயந்து இன்னும் ஆழமாக ஒரு போர் போட்டுவிடலாம் என்று நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. மேல் மண்ணில் இருக்கும் விஷத்துக்குக் கீழே போக வழி போட்டுக் கொடுப்பது அந்த போர்தான். துளைக்குள் இறக்கும் கேசிங் குழாயைச் சுற்றி சரியாகச் சிமென்ட் அடைக்காவிட்டால் அடுத்த வருடம் ஆழத்துத் தண்ணீரும் நாறும்.

பங்க் நடத்துபவருக்கு: ஸ்டாக் இடிக்கிறது

ஸ்டாக்கோடு லோடைக் கூட்டி, விற்றதைக் கழித்து, டிப்போடு ஒப்பிடுவதை எல்லாரும் செய்கிறார்கள். தினமும் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். பெட்ரோல் ஒரு டிகிரிக்கு ஆயிரத்தில் ஒரு பங்கு போல விரியும். வெயிலில் வந்த 12,000 லிட்டர் லோடு டேங்க்கில் 8 டிகிரி ஆறினால் 100 லிட்டர் காணாமல் போன மாதிரி இருக்கும். அது கசிவில்லை. ஒரு நாள் கூடும், ஒரு நாள் குறையும் என்றால் அது வெப்பமும் அளவுப் பிழையும். கசிவு ஒரு பக்கம் மட்டும்தான் போகும். தினசரி வித்தியாசத்தைக் கூட்டிக்கொண்டே போய் ஒரு கோடு வரையுங்கள். கோடு இறங்கிக்கொண்டே இருந்தால் கவலைப்படுங்கள்.

அமெரிக்க விதியில் மாத விற்பனையின் 1 சதவீதம், அதோடு 130 கேலன் (சுமார் 490 லிட்டர்) வரை வித்தியாசத்தை விடுகிறார்கள். மாதம் 1,50,000 லிட்டர் விற்கும் பங்க்குக்கு அது கிட்டத்தட்ட 2,000 லிட்டர் ஆகிறது. கணக்கு "சரி" என்று வந்தாலும் எவ்வளவு ஒளிந்திருக்கலாம் பாருங்கள்.

இரவு விற்பனையை நிறுத்திவிட்டு இரண்டு டிப் எடுங்கள். இரவிலும் குறைந்தால் டேங்க். பம்ப் ஓடும்போது மட்டும் குறைந்தால் குழாயும் இணைப்பும். டிப் குறைந்துகொண்டே வந்து ஒரு உயரத்தில் அப்படியே நின்றுவிட்டால் ஓட்டை அநேகமாக அந்த உயரத்தில்தான்.

நாசில் இருமுகிறது, ஆரம்பிக்க நேரமாகிறது என்றால் உறிஞ்சும் வகை பம்ப்பில் குழாய்க்குள் காற்று ஏறுகிறது என்று அர்த்தம். நல்ல வேளை, அந்த வகையில் பெட்ரோல் பெரும்பாலும் டேங்க்குக்கே திரும்பிவிடும். டேங்க்குக்குள் இருந்து அழுத்தித் தள்ளும் வகையில் ஓட்டை விழுந்தால் நாசிலில் பெரிதாக ஒன்றும் தெரியாது, மண்ணுக்குள் பீய்ச்சி அடிக்கும். அங்கே வேகம் குறைந்தால் கசிவு காட்டும் கருவி குரல் கொடுக்கிறது என்று எடுத்துக்கொள்ள வேண்டும். பல இடத்தில் விற்பனை படுத்துவிடும் என்று அதைக் கழற்றி வைத்துவிடுகிறார்கள்.

டேங்க்கில் தண்ணீர் ஏறுவது இன்னொரு அறிகுறி. மழை விட்ட சில மணி நேரத்தில் ஏறினால் மூடி, மேன்ஹோல் வழியாக. நீர்மட்டம் உயரமாக நிற்கும் வாரங்களில் கொஞ்சம் கொஞ்சமாக ஏறினால் அடியில் ஓட்டை. மழைக்காலத்தில் தண்ணீரை உள்ளே விடும் ஓட்டை, கோடையில் பெட்ரோலை வெளியே விடும். எத்தனால் கலந்த பெட்ரோலில் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து அடியில் தனியாகப் பிரியும், பழைய பேஸ்ட் அதைச் சரியாகக் காட்டாது. எத்தனாலுக்கென்று வரும் பேஸ்டைக் கேட்டு வாங்குங்கள். ஓட்டை என்று பயந்து, தண்ணீர் மட்டம் மேலே நிற்கும்போது டேங்க்கை முழுசாகக் காலி செய்துவிடவும் வேண்டாம். 20,000 லிட்டர் காலி டேங்க்கைத் தண்ணீர் 20 டன் விசையோடு மேலே தள்ளும். கட்டிவைத்தது இற்றுப்போயிருந்தால் தரையைப் பிளந்துகொண்டு எழும்பும்.

"டேங்க் டெஸ்ட் பாஸ்" என்று காகிதம் காட்டினால்

நல்ல இறுக்கச் சோதனை மணிக்கு 0.38 லிட்டர் கசிவைக் கண்டுபிடிக்க வேண்டும் என்பது அமெரிக்க அளவுகோல். அதற்குக் கொஞ்சம் கீழே இருந்தால் பாஸ். ஆனால் அதே அளவு வருடத்துக்கு 3,300 லிட்டர். அந்தக் காகிதத்தில் மூன்று விஷயம் பாருங்கள்: டேங்க்கோடு குழாய்களையும் சோதித்தார்களா, சோதனையன்று வெளியே நீர்மட்டம் எங்கே இருந்தது, எல்லா டேங்க்கும் சேர்ந்ததா. வெளியே நீர்மட்டம் மேலே நின்றால் ஓட்டையைத் தண்ணீரே அடைத்துப் பிடித்திருக்கும். கூடவே அந்த பங்க்கில் முப்பது வருடம் வேலை பார்த்த ஒருவரைத் தேடிப் பிடியுங்கள். பழைய டேங்க் எங்கே புதைந்திருக்கிறது என்பது அவருக்குத்தான் தெரியும், எந்த வரைபடத்திலும் இருக்காது.

மனுவை மாவட்ட ஆட்சியருக்கும் மாசு கட்டுப்பாட்டு வாரியத்துக்கும் எண்ணெய் நிறுவனத்துக்கும் ஒரே நாளில் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். பங்க் உரிமம் பெட்ரோலிய விதிகள் 2002-இன் கீழ் வெடிபொருள் துறை கொடுப்பது, அவர்களுக்கும் ஒரு நகல். மத்திய மாசு கட்டுப்பாட்டு வாரியம் 2020 ஜனவரியில் வெளியிட்ட நெறிமுறை, புதிய பங்க்குகளுக்குப் பள்ளி, மருத்துவமனை, குடியிருப்பிலிருந்து 50 மீட்டர் தூரம் கேட்கிறது, எப்படியும் 30-க்குக் குறையக் கூடாது. அதற்கு முந்தைய பங்க் என்றால் தூரத்தை வைத்து வாதாடாதீர்கள், தண்ணீரை வைத்து வாதாடுங்கள். பசுமைத் தீர்ப்பாயத்தில் இழப்பீடு கேட்க 5 வருட அவகாசம் உண்டு. அது எண்ணப்படுவது காரணம் முதலில் எழுந்த நாளிலிருந்து. அந்த நாள் எது என்று எதிர்த்தரப்பு வக்கீல் கேட்கும்போது நாற்பது பக்க நோட்டின் முதல் பக்கத்தைத் திறந்து காட்டுங்கள்.